தூக்கத்தில் சேர்ந்த பதினான்கு புள்ளிகள்

மத்தியானம் இரண்டேகால் மணி வாக்கில் கணினித் திரையின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னப் பெட்டி எழும்பி வரும். 'நீங்கள் இருக்கிறீர்களா?' என்று ஆங்கிலத்தில் கேட்கும். அதன் கீழே ஒரே ஒரு பொத்தான், 'இருக்கிறேன்' என்று. அறுபது விநாடிக்குள் அதை அமுக்க வேண்டும். அமுக்காவிட்டால் நாம் இல்லை என்று பதிவாகிவிடும். இவ்வளவு பெரிய கேள்விக்கு அறுபது விநாடி போதும் என்று தீர்மானித்த மனிதரை ஒரு முறையாவது பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

கேட்பது எனக்குச் சான்றிதழ் கொடுத்திருக்கும் அமைப்பு. நான் இரும்புக்குள் ஒலியை அனுப்பி, அது திரும்பி வருவதைப் பார்த்து, உள்ளே விரிசல் இருக்கிறதா இல்லையா என்று சொல்லும் வேலை செய்தவன். இரும்பின் மேல் கொஞ்சம் கிரீஸைத் தடவி, சுண்டுவிரல் உயரமுள்ள ஒரு கருவியை அதன் மேல் வைத்து நகர்த்துவோம். காதுக்குக் கேட்காத ஒலி உள்ளே போய், மறுபக்கச் சுவரில் பட்டுத் திரும்பும். திரையில் அது ஒரு கூரான மேடாகத் தெரியும். இடையில் இன்னொரு சின்ன மேடு தெரிந்தால் உள்ளே ஏதோ சரியில்லை என்று அர்த்தம். அவ்வளவுதான் தொழில். இதைச் செய்ய எனக்கு உரிமை உண்டு என்று சொல்கிற காகிதத்தை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க இருபத்தைந்து தொடர்கல்விப் புள்ளிகள் சேர்க்க வேண்டும். ஒரு மணி நேர இணைய வகுப்பில் உட்கார்ந்தால் ஒரு புள்ளி.

ஓய்வு பெற்ற பிறகும் இந்தக் காகிதம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. வியாழக்கிழமைகளில் புணேயின் தொழிற்பேட்டையான போசரியில், இரும்பைக் காய்ச்சி அடிக்கிற ஒரு சின்ன ஃபோர்ஜிங் பட்டறைக்குப் போய் வருவேன். அவர்கள் அடித்து வைத்திருக்கும் தண்டுகளைச் சோதித்து, அறிக்கையில் கையெழுத்துப் போட்டு, சான்றிதழ் எண்ணை எழுதிவிட்டு, அவர்கள் கொடுக்கும் டீயைக் குடித்துவிட்டு நிக்டியில் இருக்கும் வீட்டுக்குத் திரும்புவேன். வாரத்தில் மற்ற ஆறு நாளும் அந்த ஒரு நாளில் சாய்ந்துகொண்டு நின்றன. சான்றிதழ் காலாவதியானால் திரும்பவும் முதலிலிருந்து பரீட்சை எழுத வேண்டும். இந்த வயதில் பரீட்சை எழுதப் போனால் கண்காணிப்பாளர் என்று நினைத்து எல்லோரும் எழுந்து நிற்பார்கள்.

ஆகவே வகுப்புகளில் சேர்ந்தேன். பத்துப் புள்ளிகள் வியாழக்கிழமை வேலைக்காகக் கிடைத்தன. பாக்கி பதினைந்து. மழைக்காலம் தொடங்கியபோது முதல் வகுப்பு. எல்லாமே மத்தியானம் இரண்டு மணிக்கு. சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணிக்கு வகுப்பு வைப்பது கல்வித் துறையில் பழுத்த அனுபவம் உள்ளவர்களுக்கு மட்டுமே தோன்றக்கூடியது.

வகுப்பெடுப்பவருக்கு அலையில்லாத குளம் மாதிரி ஒரு குரல். நான் நாற்காலியில் சாய்ந்திருப்பேன். மேலே மின்விசிறி. பக்கத்தில் என் மனைவி கொத்தவரங்காயோ பட்டாணியோ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வகுப்பில் ஆர்வம் என்று இல்லை, வீட்டில் நன்றாகச் சுற்றுகிற விசிறி அந்த அறையில்தான் இருக்கிறது. வெளியே மழை தகரத்தில் பேசிக்கொண்டிருக்கும். தெருவில் காய்கறி விற்கும் பாஜிக்காரன் வெந்தயக்கீரையை மேத்தி, மேத்தி என்று கூவிக்கொண்டு போவான். குளம் மாதிரியான அந்தக் குரல் கொஞ்சம் கொஞ்சமாக ஆழமாகும். பிறகு நான் இரும்புக்குள் இறங்கிவிடுவேன்.

இதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நாற்பது வருடமாக வெளியிலிருந்தே தட்டிக்கொண்டிருந்த வீட்டுக்குள் ஒருநாள் நுழைந்ததுபோல இருந்தது. உள்ளே வெளிச்சம் சாம்பலும் நீலமுமாக, விடிகிற நேரத்து வெளிச்சம் மாதிரி. சம்மட்டி அடித்த திசையிலெல்லாம் இரும்பின் இழைகள் ஆற்று மணலில் தண்ணீர் போன தடம்போல வளைந்து வளைந்து போகும். நான் அதன் மேல் செருப்பில்லாமல் நடப்பேன். சூடும் இல்லை, குளிரும் இல்லை. தூரத்தில் ஒரு ஒலி புறப்பட்டு என்னைத் தாண்டிப் போகும், எங்கோ ஒரு சுவரைத் தொட்டுத் திரும்பும். ஒருதடவை அந்தச் சுவர் வரைக்கும் போய் அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றேன். ஒலி வந்து மார்பில் பட்டது. யாரோ தெரிந்தவர் கூப்பிட்ட மாதிரி இருந்தது.

விழித்தால் மணி மூன்று. திரையில் நன்றி என்று போட்டிருக்கும். மறுநாள் காலை மின்னஞ்சலில் வருகைச் சான்று வரும். எல்லாக் கேள்விகளுக்கும் உரிய நேரத்தில் பதிலளித்திருக்கிறேன், நூறு சதவீதம்.

இது எனக்கு முதலில் வியப்பாகவும் பிறகு கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. நான் தூங்கினாலும் என் கை தூங்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன். எத்தனை வருடத்துக் கை. இரண்டாம் ஷிஃப்டின் கடைசி மணியில் கண் செருகும்போதும் கருவியை ஒரே வேகத்தில் நகர்த்திய கை அல்லவா. ஒரு பொத்தானை அமுக்க அதற்கு என் உதவி எதற்கு? இப்படியே பதினான்கு வகுப்பு, பதினான்கு புள்ளி. இருபத்தைந்துக்கு ஒன்றுதான் பாக்கி.

ஜனவரியில் சங்கராந்தி வந்தது. புணேயில் சங்கராந்தியிலிருந்து ரத சப்தமி வரை மத்தியான வேளைகள் பெண்களுடையவை. வீட்டுக்கு வீடு மஞ்சள் குங்குமத்துக்குக் கூப்பிடுவார்கள். போனால் நெற்றியில் குங்குமம் வைத்து, கையில் எள்ளுருண்டையும் ஒரு சின்னப் பரிசும் கொடுத்து அனுப்புவார்கள். இந்தக் கணக்கில் எங்கள் வீட்டில் பிளாஸ்டிக் டப்பாக்கள் மட்டும் ஒரு அலமாரி இருக்கின்றன. அன்று எதிர்க் கட்டடத்தில் அழைப்பு. மனைவி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு இரண்டு மணிக்கு முன்பே கிளம்பிவிட்டாள். கடைசி வகுப்பும் அன்றுதான்.

விழித்தபோது திரையில் நன்றி இல்லை. பதில் வராததால் என்னை வகுப்பிலிருந்து நீக்கிவிட்டதாக ஒரு வரி இருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. பதினான்கு முறை ஒழுங்காக வேலை செய்த அமைப்பு இன்று பழுதாகிவிட்டது என்று உடனே ஒரு புகார்க் கடிதம் தயாரித்தேன். மூன்று பத்திகள். முதல் பத்தியில் நிகழ்ந்தது, இரண்டாவதில் விதிமுறையின் எந்தப் பிரிவு மீறப்பட்டது, மூன்றாவதில் என் முந்தைய நூறு சதவீத வருகை. மிக நல்ல கடிதம். அனுப்பப்போகும் நேரத்தில் மனைவி நெற்றி நிறையக் குங்குமத்தோடு உள்ளே வந்தாள். எள்ளுருண்டையை என் கையில் வைத்தாள். விஷயத்தைச் சொன்னேன். செருப்பைக் கழற்றிக்கொண்டே பதில் சொன்னாள்.

"இன்னிக்கு நான் இல்லைல்லா, அதான்."

"நீ இல்லாததுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"அந்தப் பெட்டிய யாரு அமுக்குதா? நான்லா அமுக்குதேன்."

திருநெல்வேலியை விட்டு வந்து நாற்பது வருடமாகியும் அவள் பேச்சிலிருந்து ஒரு எழுத்தும் உதிரவில்லை. எள்ளுருண்டை என் வாயில் பாதி கடித்தபடி நின்றது. எத்தனை நாளாக என்று கேட்டேன்.

"மழைக்காலத்துல இருந்து. நீங்க வாயத் தொறந்துக்கிட்டுத் தூங்குதீய. அது பாட்டுக்குக் கேட்டுட்டே நிக்கு. பாக்கப் பாவமா இருக்கும். அமுக்கிருவேன்."

அவள் பாவப்பட்டது எனக்காக இல்லை, அந்தப் பெட்டிக்காக. ஒரு வகுப்பிலாவது நான் விழித்திருந்தேனா என்று கேட்டேன். முதல் வகுப்பில் ஒரு பத்து நிமிடம் என்றாள். அவள் எல்லாவற்றிலும் விழித்திருந்திருக்கிறாள். இங்கிலீஷ் அவ்வளவு பிடிபடாவிட்டாலும், தடவுகிற கிரீஸ் காய்ந்துவிட்டால் இரும்பு பதில் பேசாது என்று அந்த ஆள் அடிக்கடி சொன்னது மட்டும் புரிந்ததாம். பதினான்கு மணி நேரத்தில் சொல்லப்பட்டவற்றில் உருப்படியானது அதுதான் என்பதை நான் ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

புகார்க் கடிதத்தை அழித்தேன். மாத முடிவுக்குள் பாக்கி ஒரு புள்ளியையும் சேர்த்து விண்ணப்பத்தை அனுப்ப வேண்டும். அதன் கடைசிப் பக்கத்தில் ஒரு உறுதிமொழி: மேற்கண்ட வகுப்புகள் அனைத்திலும் நானே இருந்தேன். அதன் கீழ் கையெழுத்து.

இன்னொரு ஆளாக இருந்தால் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த எள்ளுருண்டையை எடுத்திருப்பான். எனக்கு அது முடியாமல் போனதற்குக் காரணம் நேர்மை என்று சொன்னால் அழகாக இருக்கும். உண்மையான காரணம் நேர்மையைவிடக் கொஞ்சம் அசிங்கமானது. அது பக்கத்து வரிசைக் கட்டடத்தில் குடியிருக்கிறது, தினமும் காலையில் என்னோடு நடக்க வருகிறது.

அவர் மராட்டியர். என்னோடு ஒரே தொழிற்சாலையில், ஒரே மேசையில் சோதனை வேலை பார்த்தவர். அவர் என்னை அண்ணா என்பார், இங்கே தெற்கத்திக்காரர்கள் எல்லோருமே அண்ணாதான். நான் அவரை பாவு என்பேன், அதற்கும் சகோதரன் என்றுதான் பொருள். எங்கள் ஒவ்வொருவரிடமும் எண் செதுக்கிய எஃகு முத்திரை ஒன்று இருக்கும். சோதித்துச் சரி என்று கண்ட தண்டின் நுனியில் அதை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. அந்த எண் இருந்தால் அந்த மனிதர் தன் கண்ணால் பார்த்தார் என்று அர்த்தம். முத்திரையை யாரிடமும் கொடுக்கக் கூடாது. கழிப்பறைக்குப் போனாலும் இழுப்பறையில் பூட்டிவிட்டுப் போக வேண்டும். இந்த விதி ஏழு பக்கம் இருக்கும். எழுதியது நான்.

பல வருடங்களுக்கு முன் ஒரு சாயங்காலம் நான் போனபோது பாவு மரப்பெட்டிகளின் மேல் தூங்கிக்கொண்டிருந்தார். கிரேன் ஓட்டுகிறவர், எங்களைவிட மூத்தவர், பாவுவின் கருவியை வைத்துக்கொண்டு தண்டுகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். பாவுவின் முத்திரை அவர் கையில். நாற்பது தண்டு முடிந்திருந்தது. பாவுவின் மகளுக்கு அம்மை போட்டு மூன்று நாளாக அவர் கண் மூடவில்லை என்று பிறகு தெரிந்தது. நான் அன்று அதைக் கேட்கவில்லை. அறிக்கை எழுதினேன். முத்திரை யார் கையில் இருந்தது, எவ்வளவு நேரம், எத்தனை தண்டுகள். மறுபடி என் கையால் நாற்பதையும் சோதித்தேன், இரண்டு நாள் ஆனது. முப்பத்தொன்பது நல்லவை என்று கிரேன்காரர் முத்திரை அடித்திருந்தார். அந்த முப்பத்தொன்பதும் நல்லவையாகவே இருந்தன. ஒன்றை மட்டும் அவர் தனியாக ஒதுக்கி வைத்திருந்தார். அதற்குள் விரிசல் இருந்தது.

அதை நான் அறிக்கையில் எழுதவில்லை. பாவுவின் சான்றிதழ் போனது. மறுநாளே அவரை ஸ்டோருக்கு மாற்றியிருந்தார்கள். ஓய்வு பெறும்வரை நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னோடு பேசுவதை அவர் நிறுத்தவே இல்லை. முழங்கால், மகள் வீட்டு விசேஷம், வெங்காயம், எல்லாம் பேசுவோம். அதை மட்டும் பேசியதில்லை.

சங்கராந்திக்கு இரண்டு நாள் கழித்து, பூங்காவில் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து அவரிடம் சொன்னேன். பனி இன்னும் கலையவில்லை. எதிரே சிரிப்புப் பயிற்சிக்காரர்கள் வட்டமாக நின்று காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பாவு காரணத்தோடு சிரித்தார், இருமல் வரும்வரை.

"அண்ணா, இதுக்கு அறிக்கை யார் எழுதணும்?"

"நான்தான்."

"நல்லது. அதுல உன்னை மிஞ்ச ஆள் கிடையாது."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம், வஹினி பொத்தானையெல்லாம் சரியாக அமுக்கினாரா என்று கேட்டார். என் மனைவியை அவர் அண்ணி என்ற பொருளில் அப்படித்தான் சொல்வார். பதினான்கும் சரி என்றேன்.

"கிரேன்காரனும் சரியாத்தான் பார்த்தான்." குரல் மாறவில்லை, வெங்காயத்தைப் பற்றிச் சொல்வதுபோலவே இருந்தது. "நீ இரண்டு நாள் குனிஞ்சு குனிஞ்சு சோதிச்சதை ஸ்டோர் ஜன்னல்ல இருந்து பார்த்தேன். கெட்டது ஒண்ணே ஒண்ணுதான் கிடைச்சது உனக்கு. அவன் ஒதுக்கி வெச்ச அதே தண்டு."

"ஆமாம்."

"எழுதலை நீ."

"படிவத்துல அதுக்கு இடம் இல்லை, பாவு."

அவர் குனிந்து தன் கான்வாஸ் ஷூவின் நாடாவை இறுக்கிக் கட்டினார்.

"பின்பக்கம் காலியாத்தானே இருந்திருக்கும்," என்றார்.

அன்று வீட்டுக்கு நடந்து வந்த வழி எனக்குச் சரியாக நினைவில்லை. பனிக்குள் கட்டடங்கள் கரைந்து கரைந்து நின்றன. நானும் சாம்பல் வெளிச்சத்தில் எதற்குள்ளேயோ நடந்து போகிற மாதிரி இருந்தது. ஒரு ஒலி என்னைத் தாண்டிப் போய், நெடுங்காலம் கழித்துத் திரும்பி வந்திருந்தது.

மேசையில் உட்கார்ந்து விண்ணப்பத்தைத் திறந்தேன். தூங்கிவிட்டேன், பொத்தானை மனைவி அமுக்கினாள் என்று சொல்ல அதில் எந்தக் கட்டமும் இல்லை. ஆகவே உறுதிமொழிப் பக்கத்தை அச்சிட்டு, கையெழுத்து இடத்தில் குறுக்குக் கோடு போட்டு, தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினேன். பதினான்கு வகுப்புகளிலும் நான் உறங்கினேன். பொத்தானை என் மனைவி இரக்கத்தினால் அமுக்கினார், அவருக்கு விதி தெரியாது. அந்தப் பதினான்கு புள்ளிகளையும் நீக்கிவிடவும். இரண்டு பக்கத்தையும் ஸ்கேன் செய்து அனுப்பினேன்.

பிறகு இன்னொரு தாள் எடுத்தேன். அந்தத் தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது இருபது மாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன. அறிக்கையை வைத்திருந்த அலமாரியை யார் எந்தக் காயலான் கடைக்குப் போட்டார்களோ. ஆனாலும் எழுதினேன். நாற்பது தண்டுகளும் மறுசோதனை செய்யப்பட்டன, முதல் சோதனையின் முடிவுகள் நாற்பதும் சரி, குறைபாடுள்ள தண்டு முதல் சோதனையிலேயே கண்டறிந்து ஒதுக்கப்பட்டிருந்தது. கையெழுத்துப் போட்டு, என் பழைய முத்திரை எண்ணை எழுதினேன்.

மறுநாள் பெஞ்சில் பாவுவிடம் கொடுத்தேன். அவர் ஸ்வெட்டருக்குள் கைவிட்டு மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து, இரண்டு முறை படித்தார்.

"தேதி போடலையே."

"எந்தத் தேதியைப் போட?"

"கையெழுத்து என்னிக்குப் போட்டியோ அன்னிக்கு. நீ எழுதின விதிதானே அண்ணா, நாலாம் பக்கம்."

பேனாவும் அவரே கொடுத்தார். முந்தைய நாள் தேதியைப் போட்டேன். தாளை நான்காக மடித்து, சட்டைப் பையில் வைத்து, மேலே ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு வலது முழங்காலைப் பற்றி நெடுநேரம் பேசினார். இடது முழங்கால் பரவாயில்லையாம்.

பதினைந்து நாளில் பதில் வந்தது. பதினான்கு புள்ளிகள் நீக்கப்பட்டன. தொண்ணூறு நாள் அவகாசம், அதற்குள் பதினைந்தும் சேர்க்க வேண்டும், அதுவரை என் கையெழுத்து செல்லாது. போசரிப் பட்டறை முதலாளியிடம் போய்ச் சொன்னேன். யார் அங்கிள் புகார் கொடுத்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். எனக்கு வயதாகிவிட்டது என்பதை அவர் அன்றுதான் உண்மையாக நம்பினார் என்று நினைக்கிறேன். டீ மட்டும் வந்தது.

வகுப்புகள் மறுபடி தொடங்கின, அதே இரண்டு மணிக்கு. மனைவியிடம் பெட்டி எவ்வளவு கெஞ்சினாலும் தொடக் கூடாது என்று சொல்லிவைத்தேன். சரி என்றாள். காபி குடித்தேன், நின்றுகொண்டு கேட்டேன், முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டேன். பதினான்கு வகுப்பு விழித்தே இருந்தேன். தூங்கியபோது அவை எவ்வளவோ நன்றாக இருந்தன.

பதினைந்தாவது ஏப்ரலில் வந்தது. வெயில் வெள்ளையாக நின்றது. தெருமுனையில் கரும்புச்சாறு பிழிகிற கடையின் சலங்கை ஜல் ஜல்லென்று ஒரே கதியில் சுற்றிக்கொண்டிருந்தது. மனைவி சுவரோரமாக உட்கார்ந்து கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள். கால் வலிக்கிறதே என்று ஒரு நிமிடம் உட்கார்ந்தேன். சலங்கை தூரமாகிக்கொண்டே போனது. அதே வெளிச்சம், அதே இழைகள், செருப்பில்லாத கால்கள். கிரேன்காரர் ஒரு தண்டின் மேல் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார், வா என்று தலையை அசைத்தார். நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கொஞ்சம் சூடாக இருந்தது. பிறகு ரொம்பச் சூடாக இருந்தது. கழுத்தில் வேர்வை வழிந்தது.

விழித்தேன். மின்விசிறி நின்றிருந்தது. திரையில் பெட்டி. 'நீங்கள் இருக்கிறீர்களா?' பதினோரு விநாடி பாக்கி. அமுக்கினேன்.

"கரண்ட் போச்சா?" என்று கேட்டேன்.

மனைவி சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். கையில் இன்னும் கொத்தமல்லிக் கட்டு.

"இல்லையே," என்றாள். விசிறியைப் போட்டுவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

அன்று சாயங்காலம் முப்பத்தொரு பக்க விதிமுறையையும் முதலிலிருந்து படித்தேன். பொத்தானைப் பற்றி ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. மின்விசிறியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டேன், அன்றைய தேதியைப் போட்டேன். பிறகு தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் விசிறியைப் பற்றியும் எழுதினேன்.